குடிக்கும் முன்பே கசக்கும் தேத்தண்ணி

புதிதாக வரப்போகும் விஞ்ஞானப் புனைகதைத் தொடர் ஒன்றின் டிரெய்லர் வெளியாகிறது. அன்று இரவுக்குள் "இது தேறாது" என்று தீர்ப்பும் வந்துவிடுகிறது. அட்டன் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "முதல் எபிசோடே இன்னும் வரவில்லை, அதற்குள் எப்படித் தெரிந்தது? மூளையில் இதற்கு ஏதும் காரணம் உண்டா, இல்லை வெறும் வாய்க்கொழுப்பா?"

வாய்க்கொழுப்பும் கொஞ்சம் உண்டு. ஆனால் முன்கூட்டியே தீர்ப்புச் சொல்வது மூளையின் கோளாறு அல்ல, அதன் அன்றாட வேலை. எங்கே பிசகுகிறது என்பதுதான் சுவாரசியம்.

முதலில் டிரெய்லர். எட்டு மணி நேரத் தொடருக்கு இரண்டரை நிமிடம், அதாவது 28,800 செக்கனில் 150 செக்கன். அரை வீதம்தான். மாதிரி சிறியது என்பதற்காக அதைத் தள்ளிவிட முடியாது. தேயிலை ருசி பார்ப்பவர் நூற்றுக்கணக்கான கிலோவை ஒரு கோப்பையில் எடைபோடுகிறார். ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேச முறைப்படி 100 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம் ஊறல், அவ்வளவுதான். அது செல்லுபடியாகக் காரணம், தூள் நன்றாகக் கலந்து கிடக்கிறது. எந்தப் பிடியை எடுத்தாலும் மற்றப் பிடியைப் போலத்தான் இருக்கும். டிரெய்லர் அப்படி அல்ல. பொறுக்கி எடுத்தது. பெரும்பாலும் வேறொரு குழு வெட்டி ஒட்டியது, கணினி வரைகலை முடியாத நிலையில் சில காட்சிகள், தொடரிலேயே இல்லாத இசை. அதிலிருந்து தெரிவது விளம்பரம் செய்தவரின் ருசி. தொடரின் ருசியைப் பற்றி மிகக் கொஞ்சமே தெரியும்.

ஆகவே டிரெய்லர் பார்த்தபின் நியாயமாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: "பத்துக்கு 3 தரலாம், கூடக்குறைய 2", அதாவது பெரும்பாலும் 1க்கும் 5க்கும் இடையில். இந்தக் "கூடக்குறைய"தான் இனி வரும் கதையின் நாயகன்.

ஒரே விஷயத்துக்கு இரண்டு மதிப்பீடு இருந்தால், எது உறுதியானதோ அதற்கு அதிக பாரம் கொடுத்துச் சராசரி எடுக்க வேண்டும். பாரத்தைக் கண்டுபிடிக்க எளிய விதி ஒன்று உண்டு: கூடக்குறையவை வர்க்கமாக்கி, 1ஐ அதனால் வகுக்க வேண்டும். கூடக்குறைய 2 என்றால் பாரம் 1/4. கூடக்குறைய 1 என்றால் பாரம் 1. கண்ணும் கையும் தரும் தகவல்களை மூளை சேர்க்கும்போது ஏறத்தாழ இப்படித்தான் சேர்க்கிறது என்பது பல பரிசோதனைகளில் தெரியவந்திருக்கிறது.

முதல் எபிசோட் உண்மையிலேயே நன்றாக வந்துவிட்டது என்று வைப்போம்: 8 புள்ளி, கூடக்குறைய 1. சும்மா பார்க்க வந்தவரின் முன்கணிப்பு 3, கூடக்குறைய 2. அவருடைய புதிய மதிப்பீடு: 3 × 1/4, அதோடு 8 × 1, மொத்தம் 8.75, பாரங்களின் கூட்டுத்தொகை 1.25, வகுத்தால் 7. ஒரே எபிசோடில் மூன்றிலிருந்து ஏழுக்கு வந்துவிட்டார்.

பக்கத்தில் இந்த வகைத் தொடர்களின் பழைய ரசிகர் உட்கார்ந்திருக்கிறார். அவரும் 3 என்றுதான் நினைத்து வந்தார். ஆனால் அவருக்கு அதில் சந்தேகமே இல்லை: கூடக்குறைய 1/2. பாரம் 4. அவர் பார்த்ததும் அதே எபிசோட்தான். 3 × 4, அதோடு 8 × 1, மொத்தம் 20. ஐந்தால் வகுத்தால் 4. ஏழு எங்கே, நான்கு எங்கே! இரண்டு பேருக்கும் கண்ணில் குறை இல்லை, நேர்மையிலும் குறை இல்லை.

இன்னும் கொஞ்சம் கணக்குப் போடலாம். அடுத்தடுத்த எபிசோட்களும் தவறாமல் 8 என்றே வருகின்றன. பழைய ரசிகர் இரண்டாவதில் 4.7, மூன்றாவதில் 5.1 என்று ஊர்கிறார். சும்மா பார்க்க வந்தவர் முதல் எபிசோடிலேயே தொட்ட ஏழை இவர் தொடுவது 16ஆவது எபிசோடில். இப்போது வரும் தொடர்கள் பலவற்றில் ஒரு பருவத்துக்கு எட்டோ பத்தோ எபிசோட்தான். தொடர் முடிந்துபோகும், மனம் மாறுவது பாதி வழியில் நிற்கும்.

சரி, அந்த 1/2 என்ற உறுதி அவருக்கு எங்கிருந்து வந்தது? நான்கு எபிசோடைப் பார்த்துச் சம்பாதித்ததாக இருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. டிரெய்லரை மட்டும் பார்த்த 16 பேர் தனித்தனியே யோசித்து, ஒருவருக்கொருவர் பேசாமல், எல்லோரும் 3ஐ ஒட்டியே சொல்லியிருந்தாலும் நியாயம்தான்: ஒருவருக்குப் பாரம் 1/4, 16 பேருக்கு 4, அதாவது கூடக்குறைய 1/2. ஆனால் அந்த 16 பேரும் ஒரே யூடியூப் விமர்சனத்தைப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் எழுதியவர்களாக இருந்தால்? அது ஒரே சாட்சி 16 தடவை கூண்டில் ஏறியது போல. கூடக்குறைய இன்னும் 2தான். மனசு மட்டும் 1/2 என்று எண்ணிக்கொள்கிறது. ஆள் எண்ணிக்கையைப் பார்க்கும் நாம், அவர்களுக்குத் தகவல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதில்லை.

மழை நாளில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஈரத்துக்கென்று கழிப்பதை நினைத்துப் பாருங்கள். கூடைக்குள் கையை விட்டுப் பார்த்து இரண்டு கிலோ கழித்தால் அது அளவீடு. வானத்தைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் ஒரே கழிவு போட்டால், காலையில் எடுத்த உலர்ந்த கொழுந்துக்கும் சேர்த்துத்தான் வெட்டு விழும்.

இதுவரை சொன்னதில் எபிசோட் 8 என்றால் மனசுக்குள் 8 ஆகத்தான் போகிறது. உண்மையில் அதுவும் இல்லை. 2006இல் லீ, ஃபிரெடரிக், ஏரியலி என்ற மூவர் வெளியிட்ட பரிசோதனையை எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழக வளாகத்து மதுக்கடைகளில் இரண்டு பியரை நீட்டினார்கள். ஒன்று சாதாரணம். மற்றதில் சில துளி பால்சமிக் என்ற இத்தாலிய வினாகிரி. எதுவும் சொல்லாமல் கொடுத்தால், பத்தில் ஆறு பேர் வினாகிரி விட்டதைத்தான் நல்லது என்றார்கள். குடிக்கும் முன்பே சொல்லிவிட்டால் பத்தில் மூன்று பேர். குடித்து முடித்தபின், தேர்ந்தெடுக்கும் முன் சொன்னால்? பாதிப் பேருக்கும் சற்றே அதிகம், ஏறத்தாழ எதுவும் சொல்லாதது போலவே.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். "வினாகிரி என்றால் மோசம்" என்ற எண்ணம் கணக்கில் கடைசியாகக் கழிக்கப்படும் ஒரு புள்ளி மட்டுமாக இருந்தால், முன்னால் சொன்னாலும் பின்னால் சொன்னாலும் விடை ஒன்றாகவே வரவேண்டும்; கழித்தலுக்கு வரிசை கிடையாது. விடை மாறியிருக்கிறது. அப்படியானால் அந்தச் சொல் நாக்கிலிருந்து மூளைக்குப் போகும் வழியிலேயே புகுந்து ருசியை மாற்றியிருக்கிறது. 2008இல் வந்த இன்னோர் ஆய்வு மூளை ஸ்கேனிலேயே இதைக் காட்டியது: ஒரே வைனை 10 டொலர் என்று சொல்லிக் கொடுத்ததைவிட 90 டொலர் என்று சொல்லிக் கொடுத்தபோது, நெற்றிக்குப் பின்னால் இன்பத்தைப் பதிவு செய்யும் பகுதி அதிகமாக இயங்கியது. நடிப்பு இல்லை. உண்மையாகவே ருசித்திருக்கிறது.

தொடருக்கும் இதே கதிதான். "கிராபிக்ஸ் கேவலம்" என்று கேள்விப்பட்டு உட்காருபவரின் கண் விண்கலத்தின் ஓரத்தில் பிசிறு தேடும்; அந்த நேரத்தில் போன வசனம் போனதுதான். கதை புரியாமல் போவதும் தொடரின் குறையாகவே எழுதப்படும். 8 புள்ளி எபிசோட் உள்ளே நுழையும்போதே 5 ஆகிவிட்டால், 16 அல்ல, 160 எபிசோட் பார்த்தாலும் ஐந்தைத் தாண்ட முடியாது.

1978இல் வந்த பேட்டில்ஸ்டார் கேலக்டிகா என்ற விஞ்ஞானப் புனைகதைத் தொடரில் ஸ்டார்பக் என்ற விமானி ஆண். 2003 மறு ஆக்கத்தில் அவர் பெண் என்று தெரிந்ததும் பழைய ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்தத் தொடர் பின்னால் அமெரிக்காவின் பீபொடி என்ற ஒளிபரப்பு விருதை வாங்கியது. ரசிகர் பயந்தது போலவே குப்பையாக முடிந்த மறு ஆக்கங்களும் தாராளமாக உண்டு. அவற்றுக்கு விருது இல்லை என்பதால் உதாரணமாக வருவதில்லை. ரொட்டன் டொமேட்டோஸ் என்ற விமர்சனத் தளம் 2019 பெப்ரவரியில், வெளிவராத படங்களுக்குக் கருத்து எழுதும் வசதியை நிறுத்தியது. வினாகிரியைப் பற்றிச் சொல்வதைக் குடித்தபின் சொல்லுங்கள் என்ற ஏற்பாடுதான் அது.

சகுனம் பார்ப்பவர்களும் முன்னால் சொல்லிவிடும் வரிசையைத்தான் பயன்படுத்துகிறார்கள், நமக்குத் தெரியாமல். பூனை குறுக்கே போனதை வீட்டு வாசலிலேயே சொல்லிவிடுகிறார்கள். பிறகு பஸ் பத்து நிமிடம் பிந்தினாலும் பூனைதான் காரணம். மாலையில் வீடு திரும்பியபின் "காலையில் பூனை போனதே" என்று சொல்லிப் பார்க்கட்டும், சகுனம் எத்தனை நாள் பிழைக்கிறது என்று பார்ப்போம். தேயிலைச் செடிக்கு 1925 முதலே நம்மிடம் ஆராய்ச்சி நிறுவனம் உண்டு, இப்போது தலவாக்கலையில். அந்தத் தேத்தண்ணியைக் குடிக்கும் மனிதரின் மனதை ஆராயக் காசு கேட்டால் சிரிப்பார்கள். கோப்பையும் கடதாசியும் பென்சிலும் போதும் என்றாலும்.

அதனால் வீட்டிலேயே செய்யலாம். பத்துப் பேர் வேண்டும். ஒரே கேத்தலில், 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம் கணக்கில், பாலும் சீனியும் இல்லாமல் 6 நிமிடம் ஊறவைத்த தேத்தண்ணியை வடித்துப் பத்துக் கோப்பையில் ஊற்றுங்கள். தனித்தனியே ஊறவைத்தால் ருசி உண்மையிலேயே மாறிவிடும். நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையை ஒட்டியே கொதிப்பதால் சாயம் சற்று மெதுவாக இறங்கும். எல்லோருக்கும் ஒரே கேத்தல் என்பதால் அதனால் கெடுதல் இல்லை. சீட்டுக் குலுக்கி ஐந்து பேரைப் பிரித்து, "இது போன வருடத்துப் பழைய தூள்" என்று குடிக்கும் முன் சொல்லுங்கள். மற்ற ஐந்து பேருக்குக் குடித்தபின், புள்ளி போடும் முன் சொல்லுங்கள். பத்துக்கு எத்தனை என்று கடதாசியில் எழுதி மடித்துத் தரவேண்டும். முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

பிசகுவது வழக்கமாக மூன்று இடத்தில். பரிமாறுபவருக்கு யார் எந்தக் குழு என்று தெரிந்தால் முகமே காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே சொல்பவர் ஒருவர், கோப்பை கொடுப்பவர் இன்னொருவர். ஒரு குழுவுக்கு முழுவதும் கொடுத்துவிட்டு அடுத்த குழுவுக்குப் போனால் அந்தக் கோப்பைகள் ஆறியிருக்கும். மாறி மாறிக் கொடுங்கள். மூன்றாவது, முதலில் குடித்தவர் "சீ" என்று வாயைத் திறப்பது. அவர் திறந்தால் மிச்சப் பேரின் கடதாசிக்கு மதிப்பில்லை.

முன்னால் கேட்ட ஐந்து பேருமே பின்னால் கேட்ட ஐந்து பேரையும்விடக் குறைவாகப் போட்டிருந்தால், அது தற்செயலாக நடக்க 252இல் ஒரு வாய்ப்புத்தான். புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தால் பத்துப் பேர் போதாது, இருபது பேரைக் கூட்டுங்கள். அடுத்த புதிய தொடர் வரும்போது கோப்பைக்குப் பதில் முதல் எபிசோட், பழைய தூளுக்குப் பதில் ஒரு காரமான விமர்சனம்; பாதிப் பேருக்கு முன்னால் வாசித்துக் காட்டுங்கள், பாதிப் பேருக்குப் பின்னால். போன்களை மட்டும் கடதாசி வாங்கி முடியும்வரை வேறு அறையில் வைக்கச் சொல்லுங்கள்.