லினக்ஸில் காசு கொடுத்து மென்பொருள் வாங்கும் முன்

"ஐகானை அழுத்துனா ஒண்ணுமே வரல சார், நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு."

நான் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு கட்டட வரைபட அலுவலகத்திலிருந்து காலையிலேயே வந்த போன் இது. ஆறு கணினிகள், ஆறிலும் உபுண்டு என்ற லினக்ஸ் வகை. முந்தின நாள் மாலைதான் 20.04 பதிப்பிலிருந்து 22.04க்கு மாற்றிவிட்டு வந்திருந்தேன். மற்றதெல்லாம் ஓடுகிறது, அவர்கள் விலை கொடுத்து வாங்கிய வரைபட மென்பொருள் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது. கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் திரையில் அதன் பெயரைத் தட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு வரி வந்தது: ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1 லைப்ரரியைக் காணோம். பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் குறியாக்க நிரல்தொகுப்பு அது.

காரணம் எளிது. உபுண்டு 22.04இல் ஓப்பன்எஸ்எஸ்எல் 3 தான் இருக்கிறது, பழைய 1.1ஐ எடுத்துவிட்டார்கள். உபுண்டுவின் களஞ்சியத்தில் இருக்கும் திறந்த மூல மென்பொருள்களின் மூலநிரல், அதாவது அவற்றை எழுதிய நிரல்வரிகள், எல்லோருக்கும் கிடைக்கும். அவற்றையெல்லாம் புதிய லைப்ரரிக்கு ஏற்றபடி மறுபடி கம்பைல் செய்து, அதாவது ஓடும் வடிவத்துக்கு மாற்றித்தான் வெளியிடுகிறார்கள், அதனால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. மூலநிரல் வெளியே வராத மென்பொருளை அப்படி யாரும் செய்ய முடியாது, விற்றவர்தான் செய்து தர வேண்டும். விற்றவருக்கு மெயில் போட்டேன், "நாங்கள் 20.04க்கு மட்டுமே ஆதரவு தருகிறோம்" என்று பதில். அது அவர்களுடைய உரிம ஒப்பந்தத்திலேயே இருந்தது, வாங்கும்போது யாரும் படிக்கவில்லை, பதிப்பை மாற்றும் முன் நானும் படிக்கவில்லை.

அப்புறம் ஒரு மெய்நிகர் கணினியில், அதாவது கணினிக்குள்ளேயே மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியில், பழைய 20.04ஐப் போட்டு, அதில் மென்பொருளை நிறுவினால், "உரிமத்தில் அனுமதிக்கப்பட்ட கணினிகளின் எண்ணிக்கை முடிந்துவிட்டது" என்கிறது! மெய்நிகர் கணினியையும் புதுக் கணினியாகவே எண்ணிவிட்டது. உரிமத்தைக் கணினியோடு இணைத்திருக்கும் பழைய ஆக்டிவேஷனை விடுவிக்க மென்பொருளுக்குள் போய் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், ஆனால் மென்பொருள்தான் திறக்கவில்லையே. மெயில் மேல் மெயில் போட்டு அதைச் சரிசெய்ய ஒன்பது நாள் ஆனது. இதற்கிடையில் அவசரப்பட்ட ஒரு ஊழியர், ஏதோ ஒரு தளத்திலிருந்து பழைய லைப்ரரியை இறக்கி, நிர்வாகியின் முழு அதிகாரம் தரும் சூடோ கட்டளையைப் போட்டு நிறுவிவிட்டார். பாதுகாப்புத் திருத்தம் வராத, யார் கட்டியது என்றே தெரியாத ஒரு குறியாக்க லைப்ரரி, அலுவலகக் கோப்புகள் இருக்கும் கணினியில். மொத்த விஷயத்திலும் என்னைப் பயமுறுத்தியது இதுதான், அந்தக் கணினியை அழித்து முதலிலிருந்து போட்டேன்.

இந்த மாதிரிக் கதையைக் கேட்டதும், "லினக்ஸ்ல எல்லாமே இலவசம்தானே, எதுக்கு சார் காசு குடுத்து வாங்கணும்?" என்பார்கள். லினக்ஸ் கட்டற்ற மென்பொருள், மூலநிரலைப் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் விடுவது. அது விலையைப் பற்றிய பேச்சே இல்லை. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனே 1985 வாக்கில் ஈமாக்ஸ் என்ற தன் உரைத்திருத்தியை டேப்பில் போட்டு 150 டாலருக்கு விற்றார். லினக்ஸும் பயன்படுத்தும் ஜிபிஎல் உரிமம் விற்பனையைத் தடுக்கவில்லை, வாங்கியவருக்கு மூலநிரலும் அதை மாற்றும், பகிரும் உரிமையும் போய்ச் சேர வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஆர்டோர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளைப் பாருங்கள், மூலநிரல் எல்லோருக்கும் இலவசம், கம்பைல் செய்த முழுப் பதிப்பு அவர்களிடமிருந்து வேண்டுமானால் காசு. லினக்ஸ் விற்கும் ரெட் ஹேட், சந்தாவை நம்பியே வளர்ந்த நிறுவனம், 2019இல் ஐபிஎம் அதை 3400 கோடி டாலருக்கு வாங்கியது. மூலநிரலை மூடி வைத்திருக்கும் மென்பொருளை லினக்ஸில் ஓட்டுவதிலும் விதிமீறல் இல்லை. சாதாரண சிஸ்டம் கால் எனும் கோரிக்கைகள் வழியாக, லினக்ஸின் மையமான கர்னலைப் பயன்படுத்தும் நிரல்களை ஜிபிஎல் கட்டுப்படுத்தாது என்று கர்னலின் உரிமக் கோப்பிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே காசு கொடுக்கத் தயங்க வேண்டாம். எதற்குக் கொடுக்கிறோம் என்று பார்க்காமல் கொடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

"லினக்ஸில் இயங்கும்" என்ற வாசகத்தை மட்டும் நம்பி வங்கி அட்டையை எடுக்காதீர்கள். எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். வீடியோ எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வ், ராக்கி லினக்ஸ் என்ற வகையை மனதில் வைத்து வருகிறது, முப்பரிமாண மென்பொருளான ஆட்டோடெஸ்க் மாயாவுக்கும் ரெட் ஹேட், ராக்கிதான் அதிகாரபூர்வம். வேறு லினக்ஸ் வகையில் ஓட்டவே முடியாது என்றில்லை, நிறைய பேர் ஓட்டுகிறார்கள், ஆனால் பிரச்சினை வந்தால் உங்கள் பாடு. எந்த லினக்ஸிலும் ஓடும்படி கட்டும் ஆப்இமேஜ், ஃபிளாட்பேக் வடிவங்களில் கொடுத்தால் தேவையான லைப்ரரிகள் பெரும்பாலும் கூடவே வந்துவிடும், எங்கள் வரைபட மென்பொருள் அப்படி வந்திருந்தால் அந்த ஒன்பது நாள் மிச்சம்.

சோதனைக் காலத்தை முழுசாகப் பயன்படுத்துங்கள். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் 60 நாள் தருகிறது. மென்பொருள் திறக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, உங்கள் பிரிண்டர், டேப்லெட் பேனா, ஒலி அட்டை, நீங்கள் தினமும் திறக்கும் உங்கள் சொந்தக் கோப்பு, எல்லாவற்றோடும் ஓட்டிப் பாருங்கள். விண்டோஸில் இருக்கும் ஒரு வசதி லினக்ஸ் பதிப்பிலும் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

சந்தாவா, ஒருமுறை விலையா என்பதிலும் நடுவில் ஒரு வகை உண்டு. நிரல் எழுத உதவும் ஜெட்பிரெயின்ஸ் மென்பொருள்களுக்கு 12 மாதம் தொடர்ந்து கட்டினால், பிறகு நிறுத்தினாலும் ஒரு குறிப்பிட்ட பழைய பதிப்பு உங்களிடமே நிற்கும். இப்படி இல்லாத சந்தாவில் சேரும்போது, நாளைக்கு நிறுத்தினால் என் கோப்புகளை எதில் திறப்பேன் என்ற கேள்விக்குப் பதில் கையில் இருக்கட்டும். விற்பவரே லினக்ஸைக் கைவிடலாம், அடோபி ரீடரின் லினக்ஸ் பதிப்பு 2013இல் 9.5.5உடன் நின்றது. பிடிஎஃப் பொதுவான வடிவம், வேறு மென்பொருள் திறந்தது, யாரும் பெரிதாகத் தவிக்கவில்லை. உங்கள் மென்பொருள் அதற்கு மட்டுமே புரியும் வடிவத்தில் சேமித்தால் கதை வேறு.

விலை அதிகம் என்று, உரிமப் பூட்டை உடைக்கும் கிராக் தேடுபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், கெஞ்சியே சொல்கிறேன். லினக்ஸில் வைரஸ் வராது என்ற நம்பிக்கையில் அந்த ஸ்கிரிப்டை சூடோ போட்டு ஓட்டுகிறீர்கள். நிர்வாகியின் அதிகாரத்தை நீங்களே கொடுத்த பிறகு லினக்ஸ் எதையும் தடுக்காது. வாங்க முடியவில்லை என்றால் முப்பரிமாண வேலைக்கு பிளெண்டர், படம் வரைய கிரிட்டா, இங்க்ஸ்கேப் இருக்கின்றன. பிளெண்டரே 2002இல் பயனர்கள் கொடுத்த 1,00,000 யூரோவால்தான் திறந்த மூலமானது. விண்டோஸ் மென்பொருள் ஒன்றை ஓட்டியே ஆக வேண்டும் என்றால் அதை லினக்ஸில் ஓட்டித் தரும் கிராஸ்ஓவர் வாங்கலாம், அந்தக் காசில் ஒரு பங்கு, அதற்கு அடிப்படையான வைன் என்ற கட்டற்ற மென்பொருளின் உருவாக்குநர்களுக்குச் சம்பளமாகப் போகிறது. எனக்கு மனசுக்குப் பிடித்த செலவு அது.

அந்த அலுவலகத்துக்கு இப்போது புது பதிப்பு வந்துவிட்டது, 22.04இல் ஓடுகிறது. அடுத்த மாற்றத்தின்போது ஒரே ஒரு கணினியில் ஆக்டிவேஷனை முதலில் விடுவித்து, அதை மட்டும் மாற்றி, ஒரு வாரம் அதில் வேலை பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மற்ற ஐந்தையும் அதன் பிறகுதான் தொடுவேன்.