கருப்பை அகற்றம்: ‘முழுசு’ என்றால் எதுவரை?

பினாங்கில் நம் ஆட்கள் ‘ஹிஸ்டரெக்டமி’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. ‘கர்ப்பப்பையை எடுத்தாச்சு’ என்பார்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும். போன மாதம் பட்டர்வொர்த்தில் ஒரு கிளினிக்கில் காத்திருந்தபோது, அண்ணி தன் பழைய ஆபரேஷன் கடிதத்தில் ‘டோட்டல்’ என்ற சொல்லை விரலால் தொட்டுக் காட்டி, “முழுசுன்னா ஓவரியும் போச்சாம்மா?” என்று கேட்டார்.

கிரேக்கத்தில் ஹிஸ்டெரா என்றால் கருப்பை. எக்டொமே, வெட்டி எடுப்பது. ‘ஹிஸ்டீரியா’வும் அதே வேர்தான். பெண்ணுக்கு மனம் கலங்கினால் கருப்பைமேல் பழியைப் போட்ட காலத்துச் சொல் அது. தமிழில் கருப்பை நீக்கம், கருப்பை அகற்றம் இரண்டும் வழங்குகின்றன. எனக்கு அகற்றம்தான் பிடிக்கும். நீக்கம் என்றால் ஏதோ பதவி நீக்கம் போல இருக்கிறது.

சரி, அண்ணியின் கேள்விக்கு வருவோம். ‘முழு அகற்றம்’ என்றால் கருப்பையும் கருப்பை வாயும். சூலகம், அதாவது ஓவரி, அதில் சேராது. எடுத்தால் தனியாகக் குறிப்பிடுவார்கள். வாயை மட்டும் விட்டுவைத்தால் பகுதி அகற்றம்.

நார்க்கட்டி, அடங்காத உதிரப்போக்கு போன்ற புற்றல்லாத காரணங்களுக்குச் செய்யும்போது, பின்னாளில் பெரிய வித்தியாசம் சூலகத்தால்தான் வருகிறது. மாதவிடாய் நிற்கும் வயதுக்கு முன்பே சூலகம் இரண்டையும் எடுத்தால் உடம்பு திடீரென்று அந்த நிலைக்குப் போய்விடும்: உடல் தகிப்பு, எலும்புத் தேய்வு, இதய நோய் அபாயம். விட்டுவைத்தால் தீட்டு நின்றாலும் ஹார்மோன் சுரக்கும். ஆனால் சிலருக்கு அது சில வருடம் முன்னதாகவே ஓய்ந்துவிடும்.

வாயை விட்டால் சிறுநீர்ப் பைக்கும் தாம்பத்தியத்துக்கும் நல்லது என்று ஒரு நம்பிக்கை இருந்தது. 279 பெண்களை வைத்துச் செய்து 2002-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. பகுதி அகற்றத்துக்குப் பிறகு சிலருக்கு மாதாமாதம் கொஞ்சம் உதிரம் படும், அவ்வளவுதான். வாய் இருக்கும்வரை அதற்கான புற்றுநோய்ப் பரிசோதனையும் தொடரவேண்டும். (அந்த உறுப்பு நமக்கு வாய், லத்தீனில் கழுத்து, மலாயில் ‘பங்கல்’, அதாவது அடிப்பக்கம். ஆளுக்கொரு திசையிலிருந்து பார்த்திருக்கிறார்கள்.)

அண்ணியின் கடிதத்தில் அடுத்த வரியிலேயே இருந்தது: சூலகங்கள் இரண்டும் விட்டுவைக்கப்பட்டன. பதினோரு வருடமாக அந்தத் தாள் அலமாரியில் மடித்தே கிடந்திருக்கிறது.