641கிட்ட மாட்டின பெரிய எண்

போன கிழம கல்லடியில இரிக்கிற அக்காட மகன் வட்ஸ்அப்ல கேட்டிருந்தான், "மாமா, 4294967297 முதன்மை எண்ணா? 3, 7, 11, 13, 17 எல்லாத்தாலயும் வகுத்துப் பாத்திட்டன், ஒண்டும் சரிவரல்ல." ஓ எல் எடுக்கிற பொடியன், ரியூசனுக்கு நடுவுல இவ்வளவு வகுத்ததுக்கே நான் ஐஸ்கிரீம் வாங்கிக் குடுக்கணும்.

இது சும்மா வந்த எண் இல்ல மனே. 2ஐ 32 தரம் பெருக்கி ஒண்டு கூட்டினா வாறது. 32க்குப் பதிலா 1, 2, 4, 8, 16 தரம் பெருக்கிக் கூட்டினா 3, 5, 17, 257, 65537, அஞ்சுமே முதன்மை. இதப் பாத்திட்டுத்தான் 1640ல பெர்மா எண்ட பிரெஞ்சுக் கணிதர், இப்பிடி வாறதெல்லாம் முதன்மைதான் எண்டு நம்பிட்டார். 1732ல ஒயிலர் எண்ட கணிதர் வந்து ஆறாவதே பிழை, 641ஆல பிரியுது எண்டு காட்டிட்டார். மற்றக் காரணி 6700417, பெருக்கிப் பாருங்க. நீ 2, 3, 5 எண்டு வரிசையா போனா 641 116ஆவது முதன்மை. ஆனா இந்த எண்ணுக்குக் காரணி 64ட மடங்கோட ஒண்டு கூட்டினதாத்தான் வரும், அப்பிடி வாறதுல முதன்மையா இரிக்கிறது 193, 257, 449, 577, அடுத்தது 641, அஞ்சே அஞ்சு வகுத்தல்.

எனக்கு ஆசை அதுல இல்ல, வகுக்காமலே இதக் காட்டலாம் எண்டதுலதான். நெல்ல 641 கிலோ புடிக்கிற மூட்டையில கட்டுற மாதிரி நினைச்சுக்கங்க, மிஞ்சுறதுதான் மீதி. 640 கிலோ எண்டா மூட்ட நிறைய ஒரு கிலோ குறையுது, அப்ப மீதி −1 எண்டு வைக்கலாம். 640 எண்டா 5ஐயும் ஏழு 2ஐயும் பெருக்கினது. இத நாலு தரம் பெருக்கினா ஒரு பக்கம் −1 நாலு தரம், அது 1. மற்றப் பக்கம் நாலு 5உம் இருபத்தெட்டு 2உம். நாலு 5 எண்டா 625, அது மூட்டைக்கு 16 குறைய, அப்ப 625ட இடத்தில −16ஐப் போடலாம், 16 எண்டா நாலு 2தானே, இருபத்தெட்டோட நாலு சேந்தா முப்பத்திரண்டு! சைகைய மாத்தினா 2ட 32ஆம் வலுட மீதி −1, ஒண்டக் கூட்டினா பூச்சியம். ஒரே 641 ஒரு பக்கத்தால 640+1, மறுபக்கத்தால 625+16. முதல் தரம் இதப் பாத்த அண்டு எனக்கு நித்திரையே வரல்ல.

இதே எண்ண எண்சாத்திரக்காரரிட்ட குடுத்தா கூட்டி 59, 14, 5 எண்டு சொல்லி, புதனுக்கு நல்லம் எண்டுவார். அதுவும் மீதிதான், 9ஆல வகுத்தா மிஞ்சுற 5, வேற ஒண்டும் இல்ல. இதுக்காகக் காசு குடுத்து போன் நம்பர் மாத்துற ஆக்கள் எங்கட ஊருலயே இரிக்காங்க, அந்தக் காசுல பிள்ளைக்கு ஒரு நல்ல கணக்குப் புத்தகம் வாங்கலாம்.

அடுத்தது 2ஐ 64 தரம் பெருக்கி ஒண்டு கூட்டினது, 18446744073709551617. அது உடைய இன்னும் 123 வருசம் போச்சு, 1855ல கிளவுசன் எண்ட கணிதர் 274177ஆல பிரிச்சார். அதுல ஒண்டக் கழிச்சா 256ட மடங்கு வருதா எண்டு ஒருக்கா பாத்திட்டுச் சொல்லு மனே.