வார்டு: காவலில் பிறந்த சொல்

ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் கேட்பார்: "அம்மாவை எந்த வார்டுல சேர்த்திருக்காங்க?" அங்கிருந்து நாலு தெரு தள்ளி, சாக்கடை அடைத்துக்கொண்ட இடத்தில் இன்னொருவர் கேட்பார்: "இது எந்த வார்டு, கவுன்சிலர் யாரு?" இரண்டும் ஒரே வார்டுதான். பேச்சுக்குச் சொல்லவில்லை. படுக்கைகள் வரிசையாகக் கிடக்கும் அந்தக் கூடத்துக்கும், நாம் குடியிருக்கும் இந்தத் தெருக்களுக்கும் ஒரே வேரிலிருந்து பெயர் வந்திருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் 'வெயர்டு' என்றால் காத்தல், காவல். காவல் நிற்பவரையும் அப்படியே சொன்னார்கள். விடுதியைப் பார்த்துக்கொள்பவர் வார்டன், சிறையில் காவல் நிற்பவர் வார்டர். இதே வேர் பிரெஞ்சு வழியாகச் சுற்றிக்கொண்டு ஆங்கிலத்துக்கு வந்தபோது 'கார்டு' ஆனது. ரயிலின் கடைசிப் பெட்டியில் கொடி காட்டிய கார்டும் நம் வார்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். லண்டன் போன்ற நகரங்களில் ஒவ்வொரு பகுதியையும் ஓர் ஆல்டர்மேன், அதாவது நகர மன்றத்தின் மூத்த உறுப்பினர், பொறுப்பில் விட்டார்கள். அவர் காவலில் இருந்த பகுதி வார்டு. ஆக, எல்லைக்கோடும் வாக்காளர் பட்டியலும் இந்தச் சொல்லில் பிற்பாடு வந்து சேர்ந்தவை. முதலில் இருந்தது பார்த்துக்கொள்ளுதல்.

ஆல்டர்மேன் என்ற பதவி சென்னைக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி 1687 டிசம்பர் 30 அன்று சாசனம் கொடுக்க, 1688 செப்டம்பர் 29 அன்று மாநகராட்சி பிறந்தது. ஒரு மேயர், 12 ஆல்டர்மேன்கள், நகரவாசிகள் சார்பில் 60 பர்ஜெஸ்கள். இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி இதுதான். அடுத்த நூற்றாண்டில், பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஹைதர் அலிக்கும் பயந்து கறுப்பர் நகரத்தைச் (இன்றைய ஜார்ஜ் டவுன்) சுற்றிக் கம்பெனி மதில் எழுப்பியது. அந்தச் செலவுக்கு மக்கள் தலையில் வரி போட நினைத்ததை வால்டாக்ஸ் ரோடு இன்றும் பெயரில் சுமந்துகொண்டிருக்கிறது. மிஞ்சிய மதில் துண்டு ஒன்று பழைய ஜெயில் ரோட்டில் மாடிப் பூங்காவாக நிற்கிறது. அதன்மேல் நின்று வடக்கே பார்த்தால் ராயபுரம், அதற்கப்பால் தண்டையார்பேட்டை. இரண்டுமே மதிலுக்கு வெளியே இருந்த ஊர்கள். அன்றைய காவல் மதிலுக்கு உள்ளே இருந்தவர்களுக்குத்தான். வடசென்னையில் வார்டு என்ற சொல்லின் கதை, அந்தக் காவல் மதிலைத் தாண்டி வெளியே வந்த கதை.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. கத்திவாக்கம், திருவொற்றியூர், மணலி, மாதவரம் நகராட்சிகள் 2011 வரை தனியாகவே இருந்தன. அந்த ஆண்டு 42 உள்ளாட்சிகள் சேர்ந்து, 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 ஆக விரிந்தது. வார்டுகள் 155லிருந்து 200 ஆயின. ஆனால் பழைய நகரத்தின் 155 வார்டுகளை 107 ஆகச் சுருக்கித்தான் புதிய பகுதிகளுக்கு 93 கொடுத்தார்கள். ஊர் பெருக்கப் பெருக்க, ஒரு கவுன்சிலர் பார்த்துக்கொள்ள வேண்டிய வீடுகளும் பெருகிவிட்டன. 2016 அக்டோபரில் அந்தக் கவுன்சிலர்கள் அடங்கிய மாமன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுக்கும் மேலாக வார்டுகளுக்கு எண் இருந்தது, கவுன்சிலர் இல்லை. 'காவல்' என்று பொருள்படும் சொல்லுக்கு இதைவிடப் பெரிய பொருளிழப்பு எனக்குத் தெரியவில்லை. அப்புறம் வந்த மாமன்றத்தில் திரு.வி.க. நகர் மண்டலத்தின் 74ஆவது வார்டிலிருந்து வென்ற ஆர். பிரியா மேயரானார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் தலித் பெண் அவர்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

மாநகராட்சி முன்பு 'கோட்டம்' என்று எழுதியது. சொல்லில் குறையில்லை, நம் மண்ணின் பழைய சொல்தான். தொண்டை மண்டலத்தைக் கோட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். திருவொற்றியூர் புழல் கோட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் அது பல ஊர்கள் அடங்கிய பெரிய நிலப்பரப்பு, ஒரு வார்டின் தெருக்களுக்குப் பொருந்தாது. போதாததற்கு வருவாய்த் துறையும் மின்வாரியமும் தங்கள் பிரிவுகளைக் கோட்டம் என்றே அழைக்கின்றன.

உத்திரமேரூர்க் கல்வெட்டில் இன்னொரு சொல் கிடைக்கிறது: 'குடும்பு'. பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டியவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, குடும்புக்கு ஒருவராகக் குடவோலை வழியே தேர்ந்தெடுத்தார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று வேலைகளையும் பிரித்தார்கள். பொருளால் வார்டுக்கு மிக நெருங்கிய தமிழ்ச்சொல் இதுதான். குடும்பம் என்ற சொல்லின் ஒலி அதில் கேட்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த ஓலையில் பெயர் எழுதப்பட நிலம் வேண்டும், வேதக் கல்வி வேண்டும். மீனவருக்கும் நெசவாளருக்கும் பெண்களுக்கும் அங்கே இடமில்லை. பாதி இடங்கள் பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்ட இன்றைய மாமன்றத்துக்கு அந்தப் பெயரை எடுத்துச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை.

மிச்சம் இருப்பது 'வட்டம்'. கட்சிக்காரர்கள் வாயில் நெடுங்காலமாகப் புழங்கும் சொல். வட்டச் செயலாளர் என்றால் வடசென்னையில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. தாலுகாவுக்கும் வட்டம் என்றுதானே பெயர், குழப்பம் வராதா என்று கேட்கலாம். தாலுகாவைப் பெயரால் சொல்கிறோம், வார்டை எண்ணால் சொல்கிறோம். தண்டையார்பேட்டை வட்டம் என்றால் தாலுகா, 38ஆவது வட்டம் என்றால் வார்டு. எனவே பேச்சில் வார்டு இருந்துவிட்டுப் போகட்டும். தெருவிளக்குக்கோ குப்பைத் தொட்டிக்கோ மனு எழுதும்போது மட்டும் நான் இப்படித் தொடங்குகிறேன்: 'பெறுநர்: மாமன்ற உறுப்பினர் அவர்கள், 38ஆவது வட்டம், 4ஆவது மண்டலம்.'