செல்லாத நோட்டும் திரும்பப் பெற்ற நோட்டும்

2016 நவம்பர் 8 நள்ளிரவோடு பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. 2023 மே 19 அன்று 2000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். அதுவும் செல்லாமல் போய்விட்டது என்றே பலர் நினைக்கிறார்கள். அது தவறு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 1934ஆம் ஆண்டு இந்திய ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் இருக்கிறது.

அச்சட்டத்தின் 22ஆவது பிரிவு நோட்டு வெளியிடும் உரிமையை ரிசர்வ் வங்கிக்கு மட்டுமே தருகிறது. ஒரு ரூபாய் நோட்டு விதிவிலக்கு. அதை அரசே வெளியிடுகிறது, நிதித்துறைச் செயலர் கையெழுத்திடுகிறார். மற்ற நோட்டுகள் எல்லாம் வங்கியின் வெளியீட்டுத் துறைக் கணக்கில் கடனாக, அதாவது நோட்டு வைத்திருப்பவருக்கு வங்கி தர வேண்டிய தொகையாக, ஏறும் (பிரிவு 34). அந்தக் கடனுக்கு ஈடாகச் சொத்து இருக்க வேண்டும். ஒவ்வொரு நோட்டுக்கும் அதே மதிப்பில் தங்கம் பூட்டி வைத்திருப்பார்கள் என்பது வெறும் நம்பிக்கைதான். தங்கமும் வெளிநாட்டுப் பத்திரங்களும் சேர்ந்து குறைந்தது 200 கோடி ரூபாய்க்கு இருக்க வேண்டும், அதில் தங்கம் 115 கோடிக்குக் குறையக் கூடாது. 33ஆவது பிரிவு கேட்கும் குறைந்தபட்சம் இவ்வளவுதான்.

நோட்டு எங்கும் செல்லும், அதற்கு மத்திய அரசு உத்தரவாதம் என்கிறது பிரிவு 26(1). அதைச் செல்லாததாக்கும் வழி 26(2): ரிசர்வ் வங்கியின் மத்திய இயக்குநர் குழு பரிந்துரைக்க வேண்டும், பிறகு அரசு அரசிதழில் அறிவிக்க வேண்டும். 2016இல் முதலில் கடிதம் எழுதியது அரசு, நவம்பர் 7இல். மறுநாளே குழு கூடிப் பரிந்துரைத்தது, அன்றிரவே அறிவிப்பு வந்தது. இந்த வரிசை சரிதானா என்ற வழக்கில் 2023 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. நீதிபதி நாகரத்னா மட்டும் மாறுபட்டார்: யோசனை அரசிடமிருந்து வந்தால் 26(2) போதாது, தனிச் சட்டமே வேண்டும். 1946இலும் 1978இலும் பெரிய நோட்டுகளைச் செல்லாததாக்க அவசரச் சட்டம்தான் கொண்டுவந்தார்கள். குழுவின் பரிந்துரை அரசின் அதிகாரத்துக்கு ஒரு தடுப்பாக இருக்க வேண்டுமென்றால், அவர் எழுப்பிய கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

செல்லாததாக்கிய பின்னும் 34ஆவது பிரிவின்படியான கடன் அப்படியே நின்றது. அதையும் அரசின் உத்தரவாதத்தையும் 2016 டிசம்பர் 31 முதல் நீக்க 2017இல் இன்னொரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அந்தப் பழைய நோட்டுகளைப் பத்துக்கு மேல் வைத்திருந்தால் (ஆய்வுக்கும் நாணய சேகரிப்புக்கும் 25 வரை விலக்கு) அபராதம் 10,000 ரூபாய் அல்லது நோட்டு மதிப்பின் ஐந்து மடங்கு, இரண்டில் எது அதிகமோ அது.

2000 ரூபாய் நோட்டுக்கு 26(2) அறிவிப்பு எதுவும் வரவில்லை. புழக்கத்திலிருந்து எடுத்தார்களே தவிர, வங்கியின் கடனும் அரசின் உத்தரவாதமும் போகவில்லை. வங்கிக் கிளைகள் 2023 அக்டோபர் 7 வரை வாங்கின. அதன்பின் சென்னை உட்பட ரிசர்வ் வங்கியின் 19 வெளியீட்டு அலுவலகங்களில் கொடுக்கலாம் என்றும், தபால் வழியே அனுப்பினால் தொகை வங்கிக் கணக்கில் வரவாகும் என்றும் ஏற்பாடு செய்யப்பட்டது.