பிரஷர் மாத்திரையோடு சேரக்கூடாத வலி மாத்திரை

கடந்த கோடையில் எங்கள் மருந்துக்கடைக்கு வந்த பெரியவர் ஒருவர், பாதி கத்தரித்த மாத்திரை அட்டையை நீட்டி, "தம்பி, இந்தப் பிரஷர் மாத்திரை ஒரு மாசத்துக்குக் குடுங்க, கூடவே முட்டிவலிக்கு டைக்ளோஃபினாக் பத்து" என்று கேட்டார். அட்டையில் டெல்மிசார்டன் 40 என்பதோடு 'எச்' என்ற எழுத்தும் இருந்தது. ஹைட்ரோகுளோரோதையசைடு என்னும் சிறுநீர் பெருக்கியும் அதில் கலந்திருப்பதை அந்த ஓரெழுத்து குறிக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. வலி மாத்திரையை நான் கொடுக்கவில்லை.

லோசார்டன், டெல்மிசார்டன், ஓல்மிசார்டன் எனச் 'சார்டன்' என்று முடியும் இம்மருந்துகள், ஆஞ்சியோடென்சின் 2 என்ற ஹார்மோன் இரத்தக்குழாயைச் சுருக்குவதற்காகப் பற்றிக்கொள்ளும் ஏற்பியை முந்திச் சென்று அடைத்துக்கொள்கின்றன. குழாய் தளர்கிறது, உப்பும் நீரும் உடலில் தங்குவது குறைகிறது, அழுத்தம் இறங்குகிறது. எனலாப்ரில் வகைப் பிரஷர் மருந்துகளால் வரும் வறட்டு இருமல் இவற்றில் அரிது.

சிறுநீரகத்தின் ஒவ்வொரு வடிகட்டிக்கும் இரத்தம் நுழைய ஒரு குழாயும் வெளியேற ஒரு குழாயும் உண்டு. சார்டன் வெளியேறும் குழாயைத் தளர்த்தி உள்ளழுத்தத்தைக் குறைப்பதால்தான், சிறுநீரில் புரதம் ஒழுகும் சர்க்கரை நோயாளிகளுக்கு மருத்துவர்கள் இதை விரும்பி எழுதுகிறார்கள். டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் போன்றவையோ உள்ளே வரும் குழாயைச் சுருக்குகின்றன. சிறுநீர் பெருக்கி உடலின் நீரைக் குறைக்கிறது. மூன்றும் ஒன்றுசேர்ந்தால் வடிகட்டப் போதிய அழுத்தம் இருக்காது. அத்துடன் வயிற்றுப்போக்கோ வெயிலின் நீரிழப்போ சேர்ந்துகொண்டால், சில நாட்களிலேயே சிறுநீரகம் முடங்கக்கூடும். ஆகவே கடும் வாந்தி, பேதி ஏற்படும் நாட்களில் மாத்திரையைத் தொடர்வதா, சற்று நிறுத்துவதா என்று மருத்துவரிடம் உடனே கேட்க வேண்டும்.

சார்டன் மருந்து இரத்தத்தில் பொட்டாசியத்தையும் ஏற்றும். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பதால், நல்லதென்று நம்பி அதற்கு மாறுபவர்களிடம், குறிப்பாகச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களிடம், நான் சற்றுக் கண்டிப்பாகவே பேசுவேன். மருந்து தொடங்கிய இரண்டொரு வாரங்களிலும், அளவை மாற்றும்போதும் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருள்), பொட்டாசியம் இரண்டுக்கும் இரத்தப் பரிசோதனை தேவை. கிரியேட்டினின் சிறிது ஏறுவது எதிர்பார்க்கக்கூடியதே என்பதால், அதைப் பார்த்துத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. கருவிலுள்ள குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும் மருந்து இது. கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாற வேண்டும்.

பெரியவர் பாரசிட்டமாலோடு புறப்பட்டார். டெல்மிசார்டன் ஈரத்தை எளிதில் உறிஞ்சும் என்பதால், அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டு வைக்க வேண்டாம் என்றும், டாக்டரிடம் போகும்போது மருந்தின் பெயர் முழுதாகத் தெரியும் அட்டையைக் கொண்டுபோகுமாறும் சொல்லி அனுப்பினேன்.