டாப் காட்டும் எண்கள் எங்கிருந்து வருகின்றன?

கணினி மந்தமாகிவிட்டால், கட்டளைவரியில் பழகியவர்கள் பெரும்பாலும் முதலில் இயக்கிப் பார்ப்பது டாப் என்ற கட்டளையைத்தான். விஎம்எஸ் இயங்குதளத்தில், சிபியுவை (கணினியின் செயலியை) அதிகம் பயன்படுத்தும் செயல்முறைகளை, அதாவது இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்களை, காட்டிய ஒரு கட்டளையை முன்மாதிரியாகக் கொண்டு, 1984இல் வில்லியம் லெஃபீவர் அதை யுனிக்ஸுக்காக எழுதினார். இன்று லினக்ஸில் கிடைக்கும் டாப் வேறொரு நிரல் என்றாலும் அமைப்பு அதுவேதான்: மேலே சில சுருக்க வரிகள், கீழே செயல்முறைகளின் பட்டியல், சில விநாடிகளுக்கு ஒருமுறை மாறும் எண்கள். அந்த எண்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு கால அளவுக்கு உரியவை. சில கடந்த மூன்று விநாடிகளுக்கும், சில கடந்த சில நிமிடங்களுக்கும், சில செயல்முறை பிறந்ததிலிருந்து இன்றுவரைக்கும் உரியவை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் படித்தால், குற்றமில்லாத செயல்முறையை நிறுத்திவிட்டுச் சிக்கல் அப்படியே இருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும்.

லினக்ஸில் இந்தக் கருவிகள் தாமாக எதையும் அளப்பதில்லை. அளப்பதும் கணக்கு வைப்பதும் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலின் வேலை. கருவிகள் அந்தக் கணக்கைப் படித்து அழகாக அடுக்குகின்றன, அவ்வளவுதான். பழைய யுனிக்ஸில் இந்தப் படிப்பே சிரமமானது. செயல்முறைகளைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளை கர்னலின் நினைவகத்தையே நேரடியாகத் திறந்து, உள்ளே எந்த அட்டவணை எங்கே இருக்கிறது என்று தேடி எடுக்க வேண்டியிருந்தது. கர்னல் மாறினால் பிஎஸ்ஸும் மாற வேண்டும். செயல்முறைகளைக் கோப்புகளாகவே காட்டலாம் என்ற எண்ணத்தை, 1984இல் பெல் ஆய்வகத்தின் டாம் கில்லியன் எட்டாம் பதிப்பு யுனிக்ஸில் செயல்படுத்தினார். லினக்ஸின் ப்ராக் (/proc) என்ற அடைவு, அதாவது கோப்புறை, அந்த மரபில் வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு செயல்முறைக்கும் அதன் அடையாள எண்ணையே பெயராகக் கொண்ட ஓர் உள்ளடைவு அங்கே இருக்கும். அதற்குள் இருக்கும் ஏறக்குறைய எல்லாக் கோப்புகளின் அளவும் பூஜ்ஜியம் பைட் என்றே எல்எஸ் கட்டளை காட்டும். ஆனால் கேட் கட்டளையால் திறந்தால் வரி வரியாக உரை வரும். வட்டில் அப்படியொரு கோப்பு கிடையாது. படிக்கும் அந்தக் கணத்தில் கர்னல் தன் கணக்கைப் பார்த்து உரையை உருவாக்கிக் கொடுக்கிறது.

சிபியு கணக்கு எப்படி வருகிறது என்பதை அருகிலிருந்து பார்க்கலாம். ஒவ்வொரு செயல்முறையின் அடைவிலும் ஸ்டாட் என்றொரு கோப்பு உண்டு. அதில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மதிப்புகள் ஒரே வரியில் இடைவெளி விட்டு எழுதப்பட்டிருக்கும். பதினான்காவது மதிப்பு, செயல்முறை தன் சொந்த நிரலை இயக்கச் செலவிட்ட சிபியு நேரம். பதினைந்தாவது, அதன் சார்பில் கர்னல் செலவிட்ட நேரம். இவை டிக் என்னும் அலகில் இருக்கும். வழக்கமாக ஒரு விநாடிக்கு 100 டிக். இரண்டுமே செயல்முறை தொடங்கியதிலிருந்து கூடிக்கொண்டே போகும் மொத்தங்கள். மின்மீட்டரை ஒருமுறை பார்த்தால் இப்போது எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று தெரியாது, இரண்டு முறை பார்த்துக் கழித்தால்தான் தெரியும் என்பதைப் போலத்தான் இதுவும். ஒரு செயல்முறையின் பதினான்காவது மதிப்பு 5180 என்றும் பதினைந்தாவது 640 என்றும் இருந்து, மூன்று விநாடிகளுக்குப் பிறகு அவை 5360, 670 என்று ஆகியிருந்தால், கூடியது 180 டிக்கும் 30 டிக்கும் சேர்த்து 210 டிக், அதாவது 2.1 விநாடி. அதை மூன்று விநாடியால் வகுத்தால் 70 விழுக்காடு. டாப் திரையில் அந்தச் செயல்முறைக்கு நேராக வரும் எண் இதுதான். சொந்தமாக ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதி இதைச் சரிபார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இரண்டாவது மதிப்பாக அடைப்புக்குறிக்குள் வரும் நிரலின் பெயரிலேயே இடைவெளி இருக்கக்கூடும் என்பதால், இடைவெளிகளை மட்டும் எண்ணிப் பதினான்காவதை எடுத்தால் சில செயல்முறைகளில் தவறான மதிப்பு கிடைக்கும். கடைசியாக வரும் மூடும் அடைப்புக்குறியைக் கண்டுபிடித்து அங்கிருந்து எண்ணுவதே பாதுகாப்பானது.

பிஎஸ் கட்டளையும் டாப்பும் ஒரே செயல்முறைக்கு வெவ்வேறு விழுக்காட்டைக் காட்டுவதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. பிஎஸ் ஒருமுறை மட்டும் படித்துவிட்டு முடிந்துவிடுகிறது. கழித்துப் பார்க்க அதனிடம் முந்தைய மதிப்பு எதுவும் இல்லாததால், செயல்முறை இதுவரை செலவிட்ட மொத்தச் சிபியு நேரத்தை, அது தொடங்கியதிலிருந்து கடந்த மொத்தக் காலத்தால் வகுத்துவிடுகிறது. பத்து மணி நேரமாகச் சும்மா இருந்த ஒரு செயல்முறை, கடந்த ஐந்து நிமிடங்களாக ஒரு கோரை (சிபியுவுக்குள் தனியாக இயங்கும் ஒரு பகுதியை) முழுவதுமாக விழுங்கிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டாப் அதற்கு 100 என்று காட்டும். பிஎஸ்ஸோ 300 விநாடியை ஏறத்தாழ 36,000 விநாடியால் வகுத்து 0.8 என்று காட்டும். இரண்டும் உண்மை, கேள்விதான் வேறு. இப்போது யார் சிபியுவைப் பிடித்திருக்கிறார்கள் என்று அறிய விரும்புபவர், பிஎஸ் பட்டியலைச் சிபியு வரிசையில் அடுக்கிப் பார்ப்பது பொருத்தமற்றது. ஆனாலும் பலர் அதைத்தான் செய்கிறார்கள். கணினி முழுவதன் நிலையைக் காட்டும் விஎம்ஸ்டாட் கட்டளையின் முதல் வரியும் இப்படிப்பட்டதே, அது கணினி தொடங்கியதிலிருந்து வந்த சராசரி. டாப்பைத் தொகுதி முறையில் ஓடவிட்டுக் கோப்பில் சேமிப்பவர்களும் முதல் சுற்றை விட்டுவிட்டு இரண்டாவது சுற்றிலிருந்து எடுத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் முதல் சுற்றில் ஒப்பிடுவதற்குப் போதிய இடைவெளியில் எடுத்த முந்தைய வாசிப்பு இருக்காது.

எட்டு கோர் கொண்ட கணினியில் ஒரே செயல்முறைக்கு நேராக 340 என்று தெரிந்தால் அது பிழையன்று. லினக்ஸ் டாப் இயல்பாக ஒரு கோரையே 100 என்று கொள்கிறது. பெரிய எழுத்து ஐ விசையை அழுத்தினால் எல்லாக் கோர்களும் சேர்ந்து 100 என்ற கணக்குக்கு மாறிவிடும். இன்னொன்றும் உண்டு. நினைவகத்திலிருந்து தரவு வந்து சேரும்வரை சிபியு காத்திருக்கும் நேரமும் ‘வேலை செய்த நேரம்’ என்றே கணக்கில் சேர்கிறது. ஆகவே 100 விழுக்காடு என்பது சிபியு முழு வேகத்தில் கணக்கிட்டுக்கொண்டிருந்தது என்பதற்குச் சான்றாகாது. வேறு யாருக்கும் அந்தக் கோர் கிடைக்கவில்லை என்பதற்கு மட்டுமே சான்று.

டாப்பின் முதல் வரியில் மூன்று எண்களாக வரும் சராசரிச் சுமை, இந்தத் துறையில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் அளவு என்று சொல்லலாம். 1, 5, 15 நிமிடங்கள் என்று பெயர் பெற்றிருந்தாலும், அவை அத்தனை நிமிடங்களின் நேரடிச் சராசரிகள் அல்ல. ஏறத்தாழ ஐந்து விநாடிகளுக்கு ஒருமுறை கர்னல், இயங்கிக்கொண்டோ இயங்கக் காத்துக்கொண்டோ இருக்கும் பணிகளை எண்ணி, பழைய மதிப்பைச் சற்றுக் குறைத்துப் புதிய எண்ணிக்கையின் ஒரு சிறு பங்கைச் சேர்க்கிறது. அதனால் பழைய சுமையின் தாக்கம் திடீரென மறையாமல் படிப்படியாகத் தேய்கிறது. சும்மா இருந்த கணினியில் ஒரே ஒரு செயல்முறையை இடைவிடாமல் ஓடவிட்டால், ஒரு நிமிடத்துக்குப் பிறகு முதல் எண் 1 ஆகாமல் 0.63 அளவிலும், இரண்டாவது 0.18 அளவிலும், மூன்றாவது 0.06 அளவிலும்தான் நிற்கும். மேலும் 1993இல் சேர்க்கப்பட்ட ஒரு மாற்றத்திலிருந்து, லினக்ஸ் சிபியுவுக்காகக் காத்திருப்பவற்றோடு, குறுக்கிட முடியாத உறக்கத்தில் இருக்கும் பணிகளையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. டாப்பின் நிலை நெடுவரிசையில் டி என்ற எழுத்துடன் வருபவை இவை. பெரும்பாலும் வட்டிலிருந்தோ பிணையக் கோப்பு முறைமையிலிருந்தோ பதில் வரக் காத்திருப்பவை. சிபியு முழுவதும் ஓய்வாக இருக்கும்போதே சுமை 20ஐத் தாண்டி நிற்பதைக் கண்டால், சிபியுவை விட்டுவிட்டு டி நிலையில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

நினைவகத்தின் கணக்கு இதைவிடச் சிக்கலானது, ஏனெனில் அங்கே ‘எவ்வளவு காலத்தில்’ என்பதற்குப் பதிலாக ‘யாருடையது’ என்ற கேள்வி எழுகிறது. டாப்பில் விர்ட் என்ற நெடுவரிசை, செயல்முறை தனக்கென ஒதுக்கி வைத்திருக்கும் முகவரிப் பரப்பு முழுவதையும் குறிக்கிறது. கேட்டதெல்லாம் கொடுக்கப்பட்டுவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. ஒரு நிரல் 1 ஜிபி கேட்டால், கர்னல் இசைவு தெரிவித்துவிட்டு உண்மையான நினைவகம் எதையும் உடனே தருவதில்லை. நிரல் ஒரு பக்கத்தை (நினைவகம் பிரித்துத் தரப்படும் சிறு அலகை) முதன்முதலாகத் தொடும்போதுதான் அந்த ஒரு பக்கம் தரப்படுகிறது. வழக்கமான கணினிகளில் ஒரு பக்கம் 4 கேபி. அந்த 1 ஜிபியில் 10 எம்பியை மட்டும் எழுதியிருந்தால் 2560 பக்கங்களே உண்மையில் கைமாறியிருக்கும்; விர்ட் 1 ஜிபி கூடியிருக்கும், ரெஸ் என்ற நெடுவரிசை 10 எம்பிதான் கூடியிருக்கும். விர்ட் பெரிதாக இருப்பதைப் பார்த்து மட்டும் கவலைப்படத் தேவையில்லை.

ரெஸ் உண்மையான நினைவகத்தில் இருக்கும் பக்கங்களைக் கணக்கிடுகிறது. ஆனால் ஒரே பக்கத்தைப் பல செயல்முறைகள் பகிர்ந்துகொண்டால், ஒவ்வொன்றின் ரெஸ்ஸிலும் அது முழுதாகச் சேர்கிறது. தாய்ச் செயல்முறையிலிருந்து பிரிந்த எட்டுப் பணியாளர்கள் ஒரு சர்வரில் இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் ரெஸ் 200 எம்பி, அதில் 150 எம்பி எல்லோருக்கும் பொதுவானது என்றால், நெடுவரிசையைக் கூட்டிப் பார்ப்பவருக்கு 1600 எம்பி கிடைக்கும். உண்மையில் அவர்கள் பிடித்திருப்பது பொதுவான 150 எம்பியும், தனித்தனி 50 எம்பிகள் எட்டும் சேர்ந்து 550 எம்பி. இந்தக் குறையைத் தீர்க்கவே விகிதப்பங்குக் கணக்கு ஒன்றைக் கர்னல் தருகிறது. பிஎஸ்எஸ் என்று அழைக்கப்படும் அது, பகிரப்பட்ட பக்கத்தை எத்தனை பேர் பகிர்கிறார்களோ அத்தனை பங்காக்கி ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கை எழுதுகிறது. மேற்சொன்ன எடுத்துக்காட்டில் ஒவ்வொரு பணியாளருக்கும் 68.75 எம்பி வரும்; எட்டையும் கூட்டினால் சரியாக 550. செயல்முறையின் அடைவில் இருக்கும் எஸ்மேப்ஸ் ரோல்அப் கோப்பில் இதைப் படிக்கலாம். எல்லாப் பக்கங்களையும் நடந்து எண்ண வேண்டியிருப்பதால் இதைத் தயாரிக்கக் கர்னலுக்கு நேரம் பிடிக்கும். டாப் ஒவ்வொரு சுற்றிலும் இதை இயல்பாகக் காட்டாததற்கு அது போதுமான காரணம். நினைவகக் கசிவை, அதாவது வாங்கிய நினைவகத்தைத் திருப்பித் தராத நிரலை, தேடுபவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்த எண்ணைத்தான்: சில நிமிட இடைவெளியில் திரும்பத் திரும்பப் படித்து, சுமை குறைந்த பிறகும் அது இறங்காமல் ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள்.

கணினி முழுமைக்குமான நினைவகத்தை ஃப்ரீ கட்டளை காட்டும். அதில் வெறுமையாக இருக்கும் அளவு சிறியதாக இருப்பது இயல்பே. பயன்படாத நினைவகத்தில் கர்னல் கோப்புகளின் தரவைத் தேக்கி வைத்து, தேவைப்படும்போது விட்டுக்கொடுக்கிறது. இன்னும் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கான மதிப்பீடு, 2014இல் வெளிவந்த 3.14 கர்னலிலிருந்து தனியாகத் தரப்படுகிறது. ஃப்ரீயின் கடைசி நெடுவரிசையில் வரும் அதைப் பார்த்தால் போதும்.

வட்டைப் பொறுத்தவரை, செயல்முறையின் அடைவில் ஐஓ என்ற கோப்பு இருவகைக் கணக்கை வைத்திருக்கிறது. நிரல் படிக்கக் கேட்ட பைட்டுகள் ஒன்று. அதற்காகச் சேமிப்புச் சாதனத்திலிருந்து உண்மையில் எடுக்க வேண்டிவந்த பைட்டுகள் மற்றொன்று. ஒரே பெரிய கோப்பை இரண்டாம் முறை படிக்கும்போது முதல் எண் மட்டும் ஏறி இரண்டாவது அசையாமல் நின்றால், தரவு தேக்கத்திலிருந்தே வந்துவிட்டது என்று அறியலாம். பிறருடைய செயல்முறைகளின் இந்தக் கோப்பைச் சாதாரணப் பயனரால் திறக்க முடியாது. பிட்ஸ்டாட், ஐஓடாப் ஆகிய கருவிகள் வட்டுப் பயன்பாட்டை விநாடிக்கு இவ்வளவு என்று மாற்றித் தருகின்றன.

ஒவ்வொரு செயல்முறையும் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பது தெரிந்தாலும், அதனால் மற்றவர்களுக்கு என்ன இழப்பு என்பது நீண்ட காலம் எண்ணாகக் கிடைக்கவில்லை. ஃபேஸ்புக்கில் உருவாகி 2018 டிசம்பரில் 4.20 கர்னலில் சேர்ந்த அழுத்தக் கணக்கு அதைத் தருகிறது. ப்ராக் அடைவில் ப்ரெஷர் என்ற உள்ளடைவில் சிபியு, நினைவகம், உள்ளீடு-வெளியீடு ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கோப்புகள் உண்டு. கடந்த 10, 60, 300 விநாடிகளில் எத்தனை விழுக்காடு நேரம் பணிகள் அந்த வளம் கிடைக்காமல் நின்றுபோயின என்று அவை சொல்கின்றன. 90 விழுக்காடு சிபியு பயன்பாட்டிலும் அழுத்தம் பூஜ்ஜியத்துக்கு அருகில் இருந்தால் கணினி நலமாக உழைக்கிறது என்று பொருள். சுமை எண்ணைவிட இது நம்பத்தகுந்தது என்பது என் உறுதியான கருத்து.

இத்தனைக்கும் அகப்படாத ஒரு வகை மீதமிருக்கிறது. மூன்று விநாடிக்கு ஒருமுறை படிக்கும் டாப், இரண்டு வாசிப்புகளுக்கு இடையில் பிறந்து மறைந்துவிடும் செயல்முறைகளைக் காண்பதே இல்லை. ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைவரி நிரலான ஷெல் வரிசையாக இயக்கும் கட்டளைகளின் கோப்பு) விநாடிக்கு நூற்றுக்கணக்கில் சிறு கட்டளைகளை ஓட்டினால், மேல்வரியில் சிபியு நிரம்பியிருக்கும், கீழே பட்டியலில் யாரையும் குறைசொல்ல முடியாது. ஆனால் கணக்கு தொலைந்துவிடவில்லை. முடிந்த சேய்ச் செயல்முறையைத் தாய் முறையாகப் பெற்றுக்கொள்ளும்போது, சேய் செலவிட்ட நேரம் தாயின் ஸ்டாட் கோப்பில் பதினாறாவது, பதினேழாவது மதிப்புகளில் சேர்கிறது; அவை வேகமாக ஏறும் செயல்முறையே தேடப்படும் தாய். டாப்பில் பெரிய எழுத்து எஸ் விசையை அழுத்தினால் நேர நெடுவரிசையில் சேய்களின் நேரமும் கூட்டப்பட்டு வரும். ஒரே ஒரு கட்டளையைப் பற்றித்தான் கேள்வி என்றால், அதை டைம் நிரலின் விரிவான வெளியீட்டுத் தெரிவுடன் ஓட்டினால், சிபியு நேரத்தோடு அது எட்டிய உச்சபட்ச நினைவகமும் முடிவில் அச்சாகும். ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் டைம் நேரத்தை மட்டுமே காட்டும் என்பதால், இதற்குத் தனி நிரலாக நிறுவப்பட்டிருக்கும் டைமை அதன் முழுப் பாதையுடன் அழைக்க வேண்டும்.